ஆப் தெரியும்... கணினி தெரியுமா?

இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்ததும், அரசுப் பள்ளி ஆசிரியர் முதலில் கையில் எடுப்பது செல்போனைத்தான். வருகைப்பதிவை ‘டிஎன்எஸ்இடி ஸ்கூல்ஸ்’ செயலியில் ஏற்றியாக வேண்டும். சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும் என்றால் மரத்தடிக்குப் போக வேண்டும். அதன்பிறகு தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் மதிப்பீடு, விலையில்லாப் பாடநூலும் சீருடையும் கொடுத்த கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் விவரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவேற்றங்கள். சொந்த விடுப்புக்கு விண்ணப்பிக்கவும் சம்பளச் சீட்டைப் பார்க்கவும் ‘களஞ்சியம்’ செயலி. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இத்தனையையும் நம் ஆசிரியர்கள் சலித்துக்கொண்டாவது செய்து முடித்துவிடுகிறார்கள். செல்போன் தெரியாத ஆசிரியர் என்று ஒருவரைத் தமிழ்நாட்டில் இன்று தேடிப் பிடிப்பது கடினம்.

அதே ஆசிரியர் வகுப்புத் தேர்வு வினாத்தாளைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், டிடிபி கடையில் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று சொந்தக் காசைக் கொடுத்து வாங்கி வருகிறார். பிழை இருந்தால் இன்னொரு நடை. தேர்ச்சி விழுக்காட்டைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, எக்செல் தெரிந்த இளம் ஆசிரியரிடம் போய் “கொஞ்சம் அடிச்சுக் குடுங்க சார்” என்கிறார். பள்ளிக்குப் பள்ளி அப்படி ஒருவர் இருப்பார். பக்கத்து வகுப்புகளின் பதிவேற்றமெல்லாம் அவர் தலையில்தான் விடியும். அவரும் மாறுதலில் போய்விட்டால் பிரவுசிங் சென்டர்தான் கதி.

செயலியை இயக்கத் தெரிந்தவருக்குக் கணினி ஏன் கைவரவில்லை? ‘வயதானவர்கள், கற்றுக்கொள்ள மனமில்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது நியாயமில்லை.

1990-களில் வேலைக்கு வந்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். ஓய்வு பெறும் வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. இவர்களில் பலர் படித்த காலத்தில் கல்லூரியிலோ பயிற்சி நிறுவனத்திலோ கணினியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. 2011-ல் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. பாடம் நடத்துகிறவரின் மேசை காலியாகத்தான் இருந்தது. மாணவரின் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, அவரிடமே கேட்டுப் பழகிய ஆசிரியர்கள் உண்டு. நல்ல விஷயம்தான், ஆனால் அதைப் பயிற்சி என்று துறை கணக்கு எழுதிவிட முடியாது.

அதன்பிறகு வந்தவற்றுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் கொடுத்து, சேர்க்கை முதல் மாற்றுச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் அதில் கோக்கும் ‘எமிஸ்’. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு. 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி. 3,090 உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தலா 10 கணினி, 2,939 மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தலா 20 கணினி என்ற கணக்கில் ஹைடெக் லேப். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வாட்ஸ்அப் குழுவே வகுப்பறை ஆனது. 2022-ல் எண்ணும் எழுத்தும். அடுத்து தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகளும், 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளும் என்று அரசு அறிவித்தது.

கருவி வந்தபோதெல்லாம் பயிற்சியும் வந்தது. சென்னையில் கற்றவர் மாவட்டத்துக்கு, மாவட்டத்தில் கற்றவர் வட்டார வள மையத்துக்கு, அங்கிருந்து குறுவள மையத்துக்கு. பி.ஆர்.டி.இ. எனப்படும் வள மைய ஆசிரியர் பயிற்றுநர் புரொஜெக்டரில் காட்டுவார்: இங்கே தொடுங்கள், அங்கே ‘சப்மிட்’ கொடுங்கள், பச்சை டிக் வந்தால் முடிந்தது. மூன்று மாதத்தில் செயலியின் புதிய பதிப்பு வரும்; பொத்தான் இடம் மாறியிருக்கும்; கற்றதெல்லாம் வீண். பொத்தானைக் காட்டியவர்கள் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டவில்லை.

ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் திறன்கள் எவை என்று யுனெஸ்கோ 2008-ல் ஒரு வரையறை வெளியிட்டது. 2018-ல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் 18 திறன்கள். அவை ஆறு தலைப்புகளின்கீழ் வருகின்றன. கல்விக் கொள்கையைப் புரிந்துகொள்வது, பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பிக்கும் முறை, கருவிகளைக் கையாளுவது, பள்ளி நிர்வாகம், ஆசிரியரின் சொந்த வளர்ச்சி. நம் ஊரில் என்ன நடந்ததென்றால், ஐந்தாவதாக இருக்கிற நிர்வாகம் மற்ற ஐந்தையும் விழுங்கிவிட்டது. துறைக்குத் தேவையான புள்ளிவிவரத்தைத் தருவதற்காக ஆசிரியரைக் கணினிக்குப் பழக்கினோம். அவர் வகுப்புக்குத் தேவையானதை அவரே செய்துகொள்ளப் பழக்கவில்லை. எமிஸ் பதிவேற்றப் பணியிலிருந்து விடுவியுங்கள் என்பது தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் வைத்துவரும் கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் கோபத்தைக் கணினி மீதான வெறுப்பு என்று படித்தால் தவறாகப் படிக்கிறோம்.

பதினாறாவது இலக்கம்

அடிப்படைக் கணினி அறிவு என்றதும் சான்றிதழ் வகுப்புகளில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சிபியு என்று படம் வரைந்து பாகம் குறிப்பார்கள். ஆசிரியருக்கு அதனால் பத்துப் பைசா பயனில்லை. அவருக்கு வேண்டியது எது என்று பார்க்க ஓர் உதவித்தொகைப் பட்டியல் போதும்.

மாணவர் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு. எக்செல்லில் வரிசையாக அடித்துக்கொண்டு வருகிறார் ஆசிரியர். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்து என்டர் தட்டியதும், அது புள்ளியும் ஆங்கில ‘இ’ எழுத்தும் கூட்டல் குறியுமாகச் சுருங்கி நிற்கிறது. கட்டத்தை அகலப்படுத்திப் பார்க்கிறார், சரியாகவில்லை. கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் மறைந்துவிடுகிறது. இவையாவது கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். தெரியாத ஒன்று இருக்கிறது. எக்செல் எந்த எண்ணிலும் 15 இலக்கங்களைத்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். கரூர் வைஸ்யா, பஞ்சாப் நேஷனல் போன்ற வங்கிகளில் கணக்கு எண் 16 இலக்கம். கடைசி இலக்கம் 7 ஆக இருந்தாலும் 3 ஆக இருந்தாலும் எக்செல் அதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பார்த்துப் பார்த்துத்தான் அடித்திருப்பார் ஆசிரியர். ஆனாலும் பட்டியலில் தப்பு. பணம் வரவில்லை என்று தாய் பள்ளிக்கு வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பழி ஆசிரியர் தலையில்.

இதற்கான தீர்வு அரை நிமிட வேலை. எண்களை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மேட் செல்ஸ்’ என்ற இடத்தில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். அல்லது ஒவ்வோர் எண்ணுக்கு முன்னாலும் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் போனதுதான். ‘கணினிக்கு எண் வேறு, எண்ணைப் போலத் தோன்றும் பெயர் வேறு, கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை’ என்ற ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவர், செயலி எத்தனை முறை மாறினாலும் இந்த இடத்தில் தடுக்கி விழமாட்டார். அடிப்படை என்று நாம் சொல்வது இதைத்தான்.

எக்செல்லின் பெரிய பயன் வகுப்புக்குள் இருக்கிறது. நாற்பது பேருடைய மொத்த மதிப்பெண்ணை மட்டும் ஏற்றினால் யார் பாஸ், யார் ஃபெயில் என்பது தெரியும். அது விடைத்தாள் திருத்தும்போதே தெரிந்த சங்கதி. அதையே கேள்வி வாரியாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி எடுத்தால், பதினொன்றாவது கேள்வியில் வகுப்பே சறுக்கியிருப்பது தெரியும். ஒருவேளை அந்தப் பாடத்தை அவசரமாக முடித்திருப்போம்; அல்லது கேள்வியே குழப்பமாக இருந்திருக்கும். மறுநாள் எதை மறுபடி நடத்துவது என்று அந்தத் தாள் சொல்லிவிடும். கூட்டல், சராசரி, வரிசைப்படுத்தல், ஃபில்டர், நிபந்தனைக்கு உட்பட்டதை எண்ணும் ‘கவுன்ட்இஃப்’. இந்த ஐந்து தெரிந்தால் ஓர் ஆசிரியரின் ஆண்டு முழுத் தேவையும் முடிந்தது.

பாமினியில் அடித்த வினாத்தாள்

டிடிபி கடையிலிருந்து பென் டிரைவில் வாங்கி வந்த வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். வைரஸ் வந்துவிட்டது என்று பதறுவார்கள். வைரஸ் எதுவும் இல்லை. கடைக்காரர் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பார். அந்தப் பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்காரவைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். அதைச் செல்போனுக்கு அனுப்பினாலும் படிக்க முடியாது; தேடினாலும் கிடைக்காது.

தமிழுக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-ல் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இதில் அலுவலகங்களுக்கும் பங்குண்டு. மேலிடத்திலிருந்து வரும் படிவமே பழைய எழுத்துருவில் இருந்தால் கீழே இருப்பவர் என்ன செய்வார்?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் உருவானது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். ‘தங்கம்’ எழுதும்போது ங-வை அடுத்து க-வை அடித்தால் ‘ங்க’ தானாக வந்து நிற்கும். மொழியின் இலக்கணத்தை அறிந்தவர்கள் வடிவமைத்தது என்பது விரல் வைத்ததும் தெரியும். இன்றைய விண்டோஸில் இது உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையே போதாதா என்று கேட்பார்கள். இரண்டு வரிச் செய்திக்குப் போதும். வருடத்துக்கு எத்தனையோ வினாத்தாள், பாடக்குறிப்பு, ஆண்டறிக்கை எழுதப்போகிறவருக்கு அது போதாது. ஓரிரு வாரம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தமிழ்99 கைக்கு வந்துவிடும். தட்டச்சு லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் பழைய தட்டச்சு முறையை விட வேண்டியதில்லை. ‘என்ஹெச்எம் ரைட்டர்’ என்ற இலவச மென்பொருளில் பழைய விசைப்பலகையிலேயே அடித்து யூனிகோடில் பெறலாம். விரலே வேண்டாம் என்பவர்களுக்குக் குரல் தட்டச்சு இருக்கிறது. கூகுள் அதைத் தமிழுக்கு 2017-ல் கொண்டுவந்தது. ஆனால் ழ, ள, ல மூன்றையும் பிரித்துச் சொல்லிப் பழகியவருக்குத்தான் அது வசப்படும். தமிழாசிரியர்களுக்குச் சிரமம் இருக்காது.

யாருடைய தகவல்?

பாஸ்வேர்டு சங்கதியைப் பலரும் பேசுவதில்லை. பேச வேண்டும். பள்ளியின் எமிஸ் பாஸ்வேர்டு எதிர்க்கடைத் தம்பிக்குத் தெரிந்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. அவசரத்துக்கு அவர்தான் உதவுகிறார், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது சில நூறு பிள்ளைகளின் பிறந்த தேதி, சாதி, ஆதார், தந்தையின் செல்போன் எண், வீட்டு முகவரி. பட்டியலைக் கடையில் அச்செடுத்துவிட்டு, கோப்பை அந்தக் கணினியின் டெஸ்க்டாப்பிலேயே விட்டுவிட்டு வருகிறோம். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ‘சரிபார்த்துக்கொள்ளவும்’ என்று வகுப்புப் பட்டியலை முழுசாகப் போடுகிறோம். குழுவில் இருப்பவர்கள் அதை எங்கே அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கருதுகிறது. அவர்களின் தகவலைக் கையாள்வதில் கூடுதல் கட்டுப்பாடு வைக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். ஒரு மாணவியின் செல்போன் எண் யார் யார் கைக்கோ போனால் என்ன ஆகும் என்று ஆசிரியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்வது, பதிவிறக்கிய கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது, ஓடிபியை யாருக்கும் சொல்லாதது. கணினிப் பயிற்சியின் முதல் மணி நேரம் இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.

ஹைடெக் லேப் விஷயத்துக்கு வருவோம். பல பள்ளிகளில் அது இணையவழித் தேர்வு, மதிப்பீடு, பதிவேற்றம் இவற்றுக்குத்தான் திறக்கிறது. பத்தாம் வகுப்பில் நேர்கோட்டின் சாய்வை நடத்தும் கணக்கு ஆசிரியர் அங்கே பிள்ளைகளை அழைத்துப்போய் ‘ஜியோஜீப்ரா’வைத் திறந்து காட்டலாம். இலவச மென்பொருள்தான். சாய்வுக்கு ஒரு ஸ்லைடர் வைத்து இழுத்தால் கோடு கண்முன்னே சாயும், நிமிரும், பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும், எதிர்க்குறியில் மறுபக்கம் இறங்கும். கரும்பலகையில் ஏழு கோடு வரைந்தும் விளங்காதது விளங்கிவிடும். அதைச் செய்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொந்த ஆர்வத்தில், சொந்த டேட்டாவில் செய்கிறார்கள். ஆர்வம் உள்ளவர் செய்வார் என்று ஒரு துறை உட்கார்ந்திருக்கலாகாது.

பக்கத்து மாநிலமான கேரளம் 2001-ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் கணினிப் பாடத்துக்கென்று தனி ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்காமல், ஏற்கெனவே மலையாளமும் கணக்கும் சமூக அறிவியலும் நடத்திக்கொண்டிருந்தவர்களையே அதற்குப் பழக்கினார்கள். 2005-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் இடம்பெற்றது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் ஆசிரியர்கள் தாமாகவே கற்றார்கள். பள்ளிக் கணினிகளில் உரிமக் கட்டணம் கேட்காத லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டார்கள். எனவே பள்ளியில் பழகியதை ஆசிரியர் வீட்டுக் கணினியிலும் செலவில்லாமல் பழக முடிந்தது. 2017-ல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2024-ல் 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று கைட் இறங்கியபோது, அடியில் இருபது ஆண்டுப் பழக்கம் இருந்தது. நாமும் இப்போது அதே நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் பெயர்களைச் சொல்கிறோம். யூனிகோடில் ஒரு பத்தி அடிக்கத் தடுமாறுகிறவரிடம் அதைக் கொடுத்தால், இன்னொரு செயலியாக, இன்னொரு பச்சை டிக்காகத்தான் அது போய்ச் சேரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேண்டாம் என்பதல்ல வாதம். பாடக்குறிப்புக்கு ஒரு முன்வரைவு, ஒரே கணக்கை எண்களை மாற்றிப் பத்து விதமாக, மெல்லக் கற்கும் பிள்ளைக்கு ஏற்ற எளிய பத்தி என்று கேட்டால் நொடியில் தரும். ஆனால் ஒரு குறளைக் கேட்டால், வள்ளுவர் எழுதாத குறளைக்கூட அதிகார எண்ணோடு துணிந்து சொல்லிவிடும். அதைப் பிடிக்கத் தமிழாசிரியரால்தான் முடியும். பாடம் தெரிந்தவர் கையில் அது நல்ல உதவியாள். பாடம் தெரியாதவர் அதை நம்பினால் வகுப்பே ஏமாறும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் புதிய செயலி எதையும் அறிமுகப்படுத்த வேண்டாம். ‘உங்கள் வகுப்பின் மதிப்பெண் பட்டியலையும் அடுத்த தேர்வுக்கான வினாத்தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்’ என்று மட்டும் சுற்றறிக்கை அனுப்புங்கள். மாலையில் திரும்பும்போது இரண்டும் அவரவர் கையால், யூனிகோடில், ஒழுங்காகச் சேமித்த கோப்புகளாகப் பென் டிரைவில் இருக்கட்டும். அடுத்த மாதம் அதே ஆட்கள், அடுத்த வேலை. ஓராண்டு இப்படிப் போனால் டிடிபி கடைக்கு நடக்கிற நடை பாதியாகக் குறையும். புதுக் கட்டடமோ புது டெண்டரோ இதற்குத் தேவையில்லை. ஈராசிரியர் பள்ளியில் இருப்பவருக்கும் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பத்துக் கணினிகளோடு ஹைடெக் லேப் இருக்கிறது. பள்ளி விட்டதும் அது பூட்டிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மாலை அந்தச் சாவியை ஆசிரியர்களிடம் கொடுங்கள்.